வெய்க்கோவின் கல்லீரல் மேல் ஒரு புகார்

…பொய்யி! மாத்திரைய முழுங்குறாராம், அப்பட்டமான பொய்யி! நாப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா? நீ ரத்தம் எடுக்க ஊசியக் குத்து நர்சம்மா, நான் பாட்டுக்குப் பேசுறேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரே வெய்க்கோ, என் வீட்டுக்காரரு, அவரத்தான் சொல்றேன்.

கல்லீரல் எவ்ளோ கொலஸ்ட்ரால் தயார் பண்ணுதுன்னு ரத்தத்துல ஏதோ ஒண்ணு காட்டிக்குடுத்துருமாமே? மாத்திரை போட்டா அது எறங்கணுமாம். இவருக்கு அஞ்சு மாசமா இம்மி எறங்கல! தினம் சாயங்காலம் காப்பி குடிச்சதும் என் கையாலதான் மாத்திரை குடுக்குறேன். எங்கயோ துப்புறாருன்னுதானே அர்த்தம்? கேட்டா, "இருக்கும்"ங்குறாரு. அவ்ளோதான். பின்லாந்துல இந்தக் கரேலியாச் சீமையில, யோயென்சூ ஊர்லயே இப்படி வாய் தொறக்காத மனுசன் கெடையாது.

வெண்ணெயயும் நிறுத்திட்டேன். முட்டையும் வெண்ணெயும் பெசஞ்சு வைக்காம கரேலியாப் பணியாரம் திங்குற ஒரே கரேலியாக்காரரு இவருதான். பேசாமத் தின்னாரு, பாவம். நான் என்ன பண்றது? அவங்க அண்ணன் எஸ்கோ அம்பத்திரண்டு வயசுல, வாசல்ல பனி தள்ளிக்கிட்டு இருக்கும்போதே மாரடைப்புல போய்ட்டாரும்மா. எனக்குப் பயமா இருக்காதா?

ஆனா என்னப் பாரு! ஆராய்ச்சிக்குன்னு ரெண்டு பேருகிட்டயும் ரத்தம் எடுத்தீங்கள்ல, எனக்கு அது பாதியாக் கொறஞ்சிருச்சாம்! டாக்டரே அசந்துட்டாரு. நான் போடுறது வெறும் விட்டமின் டி. வெயிலக் காணாத ஊரு, வேற என்ன பண்றது… தொடை மட்டும் கொஞ்ச நாளா வலிக்குது.

என்னம்மா, ஏன் அப்படிப் பாக்குற? மாத்திரை டப்பாவா? இந்தா, கைப்பையிலயே இருக்கு. ஞாயித்துக்கெழமை வாரத்துக்கான மாத்திரைய ரெண்டு பேரு டப்பாவுலயும் நான்தான் ரொப்புவேன். கண்ணாடியா? அதப் போட்டா கெழவி மாதிரி இருக்கு! அலமாரியில எடது பக்கம் அவரு பாட்டிலு, வலது பக்கம் என்னுது. கைக்கே தெரியும். அக்டோபர்ல ஒரே ஒரு தடவ அலமாரியத் தொடச்சு, திருப்பி அடுக்குனேன்…

என்ன எழுதியிருக்கு அந்த மாத்திரையில? அது என் டப்பாம்மா. கொலஸ்ட்ரால் மாத்திரையா? சரியாப் பாரு…

அய்யய்யோ. தொடை வலிச்சதும் அதனாலதானா! அப்ப அவருக்கு… எஸ்கோவோட தம்பிக்கு அஞ்சு மாசமா விட்டமின் டியா குடுத்தேன்? பொய்யன்னு வேற திட்டுனேனே, மகராசன் ஒரு வார்த்த எதுத்துப் பேசலயே…

நீயே போய்ச் சொல்றியாம்மா? ம்ஹூம்… வேணாம். கதவ மட்டும் தொற.

ஏங்க! இங்க வாங்க! மாத்திரை ருசி மாறியிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?