மூலை அறைப் போர்

— நீங்க அன்னைக்குத் தொலைநோக்கின்னு சொல்லாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார்.

— நான் என்ன பண்றது டீச்சர். உங்க அறிவியல் டிபார்ட்மென்ட்ல அடுத்து என்ன திட்டம்னு எங்க மகாராஜா கேட்டார். வாயில வந்ததைச் சொன்னேன். எதையாவது சொல்லிச் சமாளிங்கன்னு சொன்னது நீங்கதானே?

— எதையாவதுன்னா மீன்தொட்டி, செடி, அந்த மாதிரி எதையாவது. கூரையில ஓட்டை போட்டுத் தொலைநோக்கி வைக்கப் போறாங்கன்னா?

— சின்ன ஓட்டைன்னுதான் சொன்னேன்.

— அந்தச் சின்ன ஓட்டைக்கு மறுநாள் காலையில இந்த மூலை ரூமுக்குள்ள பீரங்கி நிக்குது. உங்க வரலாற்று டிபார்ட்மென்ட் தலைவருக்கு மகாராஜான்னு பேர் வச்சதே தப்பு. அதை அவர் நிஜம்னு நினைச்சுக்கிட்டார்.

— அட்டைப் பீரங்கி டீச்சர். நாடகத்துக்குச் செஞ்சது.

— அட்டையோ இரும்போ, வாய் எங்க பக்கம்தான் பார்த்துச்சு. நாங்க பெரியம்மான்னு கூப்பிடற எங்க சயின்ஸ் ஹெட் அதைப் பார்த்தாங்க. அடுத்த பீரியட்ல லேப் எலும்புக்கூட்டைத் தூக்கிட்டுப் போய் பீரங்கிக்கு நேரா நிறுத்துன்னுட்டாங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது நான். வழியில ஒரு விரல் கழண்டு விழுந்துச்சு.

— அதுக்குக் கிரீடம் வச்சது யாரு?

— கணக்கு சார். ரூம் நடுவுல சாக்பீஸ்ல கோடு போட்டதும் அவர்தான். நடுநிலையாம். கோட்டைப் போட்டுட்டு அதுமேலயே நாற்காலியையும் போட்டு உக்காந்துட்டார். ஜன்னல் காத்து நேரா அவருக்குத்தான்.

— வருஷ ஆரம்பத்துல இங்க என்ன இருந்துச்சு டீச்சர், ஒரு உடைஞ்ச பெஞ்சும் அந்த ஜன்னலும்தானே. உங்களுக்கு லேப்புக்கு இடம் வேணும், எங்களுக்கு மேப் மாட்டச் சுவர் வேணும். அது சண்டைகூட இல்லை, வெறும் முனகல். அதைப் போராக்கினது நாம ரெண்டு பேர்.

— என்னைச் சேர்க்காதீங்க. நான் பெரியம்மா அனுப்பி வந்தவ. 'இன்டர்வெல்ல அந்தச் சரித்திரக்காரங்க மேசையில போய் உக்காரு, என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வா'ன்னாங்க. வந்தா நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. மூஞ்சியை வாளியில ஊறப்போட்ட துணி மாதிரி வச்சுக்கிட்டு.

— என்னையும் அதுக்குத்தான் மகாராஜா அங்க உக்காரவச்சிருந்தார். 'இயற்பியலுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, வாய் கொஞ்சம் நீளம், பேச்சுக் கொடுத்தா எல்லாத்தையும் கொட்டிரும்'னார்.

— வாய் நீளம்னாரா?

— அவர் சொன்னது டீச்சர். அப்ப நான் ஒத்துக்கலை. இப்ப ஒத்துக்கறேன்.

— ரெண்டு பேரும் வேவு பார்க்க வந்தவங்கன்னு ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு. சிரிச்சு முடிச்சு அதோட விட்டிருக்கணும். உக்காந்து தினம் ஒரு பொய் சமைச்சு, ஆளுக்குப் பாதியா எடுத்துட்டுப் போனோம் பாருங்க.

— உங்க பொய் ஒண்ணும் லேசுப்பட்டது இல்லை. அரையாண்டுப் பரிட்சை நேரத்துல போய், வரலாற்றுக்காரங்க ஒரு சிம்மாசனம் வாங்கி, அதுல உக்காந்து பேப்பர் திருத்தப் போறாங்கன்னு சொன்னது யாரு?

— சும்மா சொன்னேன். நிஜமாவே வாங்குவாங்கன்னு யார் கண்டா?

— நீங்க சொன்னது எங்க காதுக்கு வந்துச்சு. மகாராஜா ஒரு நிமிஷம் யோசிச்சார். 'நல்ல யோசனையா இருக்கே'ன்னார்.

— சார், சிரிக்க வைக்காதீங்க. பெரியம்மாவையும் மகாராஜாவையும் ஹெச்.எம். உள்ள கூப்பிட்டு ரொம்ப நேரமாச்சு. தினமும் கடைசி மணி அடிச்சதும் அவங்களே சமாதானம் பேசறோம்னு ஸ்டாக் ரூம் கதவைச் சாத்திக்குவாங்க. இன்னைக்கு ஹெச்.எம். முன்னாடி உக்காந்திருக்காங்க.

— ஸ்டாக் ரூம்ல போடற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும்.

— சில நாள் சத்தமே வராது. அதுதான் எனக்கு இன்னும் பயம். இப்ப ஹெச்.எம். 'தொலைநோக்கி எங்கே'ன்னு கேட்டா பெரியம்மா முழிப்பாங்க. 'யார் சொன்னா'ன்னா மகாராஜா உங்க பேரைச் சொல்வார். நீங்க என் பேரை.

— நான் சொல்ல மாட்டேன்.

— சொல்லாட்டியும் தெரிஞ்சிரும். நீங்க இங்க நிரந்தரம் சார், திட்டோட போயிரும். நான் ஒரு வருஷ ஒப்பந்தம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெரியம்மா கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருஷம் இந்த வாசல்படி மிதிப்பேன். இல்லைன்னா பெட்டியைக் கட்டிட்டு அக்கா வீட்டுக்கு. அங்கேயிருந்து இங்க வர ராத்திரி முழுக்க பஸ்.

— நீங்க போயிட்டா நான் யார்கூட உக்காந்து பொய் சொல்றது?

— இது கவலையா, கல்யாணப் பேச்சா?

— ரெண்டும்தான்னு வச்சுக்கங்க.

— வச்சுக்கறதா? கூரையில ஓட்டை போடத் தெரிஞ்ச வாய்க்கு இதைச் சொல்ல ஒரு வருஷம் ஆச்சா?

— பொய்னா சரளமா வருது டீச்சர். இதுக்கு நாக்கு ஒட்டிக்குது.

— ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும். முதல்ல மேல போய் உண்மையைச் சொல்லணும். என்னை வெளியே அனுப்பினதுக்கு அப்புறமும் இதே கேள்வியைக் கேட்டீங்கன்னா பதில் சொல்றேன்.

— எல்லாம் நான் கிளப்பிவிட்டதுன்னு சொல்லிடறேன். நீங்க வாயே திறக்காதீங்க.

— தியாகி வேஷம் வேண்டாம், உங்களுக்குப் பொருந்தாது. தொலைநோக்கி உங்களுது, சிம்மாசனம் என்னுது. அவங்கவங்க பொய்க்கு அவங்கவங்க. கதவைத் தட்டறாங்க சார்.

— அட்டெண்டர் அண்ணன்தான். வாங்கண்ணே.

— இங்கதான் இருக்கீங்களா ரெண்டு பேரும். ஊரெல்லாம் தேடிட்டு வர்றேன். மேல கூப்பிடறாங்க, சட்டுனு கிளம்புங்க.

— யாரு அண்ணே, ஹெச்.எம்.மா?

— பெரியம்மாவும் மகாராஜாவும் டீச்சர். ஆமா, உங்க ஒப்பந்தக் காகிதத்துல அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. நான்தான் பேனா எடுத்துக் குடுத்தேன்.

— போட்டாங்களா? அப்ப விஷயம் இன்னும் தெரியலையா?

— எந்த விஷயம்?

— மறைச்சு என்ன ஆகப்போகுது அண்ணே. தொலைநோக்கியே கிடையாது. நான் அளந்துவிட்டது. மகாராஜாவுக்குத் தெரிஞ்சுபோச்சான்னு டீச்சர் கேக்கறாங்க.

— அதுவா? அது அவருக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும் சார், ஸ்டாக் ரூமுக்கு டீ கொண்டுபோனப்ப ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சண்டை தீர்ந்துட்டா நாளைக்குக் கதவைச் சாத்த என்ன காரணம் சொல்றதுன்னுதான் பெரியம்மாவே அந்தப் பீரங்கியை ரூமுக்குள்ள வைக்கச் சொன்னாங்க. சரி நடங்க, அடுத்த வாரம் அவங்க ரெண்டு பேருக்கும் பதிவுக் கல்யாணம், சாட்சிக்கு உங்க ரெண்டு பேரைத்தான் கேக்கறாங்க.