மயிலுக்குக் கண் வைத்த கொளஞ்சியம்மாள் டீச்சர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, மணலூர்பேட்டையிலிருந்து வந்திருக்கும் டீச்சரின் தம்பி வீரமுத்து அவர்களே, பெற்றோர்களே, கல்வராயன் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! கணக்கு ஆசிரியன் காசிநாதன் பேசுகிறேன். வணக்கம்.

பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. நேற்றுகூட பழக்கதோஷத்தில், "டீச்சர், உங்க பீரியடைக் கொடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே ஓவிய வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன். கேட்க யார் இருக்கிறார்கள்? நம் ஓவிய ஆசிரியை கொளஞ்சியம்மாள் இறந்துவிட்டார் என்பதை நம்ப முடியவில்லையே!

பத்து வயதில் ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனாராம். ஊரே தேடியது. கடைசியில் ஒரு போட்டோ கொட்டகையில் அகப்பட்டார். போட்டோவுக்குப் பின்னால் தொங்கும் திரைக்குப் படம் எழுதுகிறவர் பக்கத்தில், கையில் தூரிகையோடு!

"இன்னா பண்ணிக்கினு கீற நீ இங்க?" என்று அப்பா கத்தினார்.

"மயிலுக்குக் கண்ணு வைக்கிறேம்பா."

அன்று வாங்கிய அடியை டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்த ஆசைதான் அவரை ஓவியப் பயிற்சிக்கு அனுப்பியது. கச்சிராயபாளையத்தில் நம் பள்ளிக்கும் கொண்டுவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! மலையிலிருந்து வந்த பிள்ளைகள் வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள். மக்குகள் என்று நாங்கள் எழுதி வைத்தோம். அவரோ, "வாயால வாணாம், கையால சொல்லு" என்று காகிதத்தைக் கொடுத்தார். அப்படிப் படித்த மூன்று பேர் இன்று ஓவிய ஆசிரியர்கள். இதைவிடப் பெரிய விருது உண்டா?

இடஒதுக்கீட்டு மறியலுக்குத் தட்டி எழுதித் தரச் சொல்லி இளைஞர்கள் அவரிடம்தான் போனார்கள். "உரிமைய தப்பும் தவறுமா எழுதிக் கேக்காதீங்கடா" என்று சொல்லி, எல்லாத் தட்டிகளையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே கேடாக முடியலாம். அரசுச் சம்பளம் வாங்குகிறவன், தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த மறியலில் கள்ளக்குறிச்சிச் சாலையின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

மறியலின் நான்காம் நாள் மத்தியானம் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டீச்சர்! பதறிப்போய், அருகிலிருந்த வீட்டில் கட்டில் வாங்கி, அவரைக் கிடத்தி மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கினோம்.

"கணக்கு சாரா? நீங்களுமா கீறீங்க?"

"ஆமாங்க டீச்சர்."

"கேக்க வேண்டியதுதான் சார். ஆனா எம்பசங்க ஒம்போது பேருக்கு நவம்பர்ல ட்ராயிங் பரீட்சை. அவங்கள வுட்டுடாதீங்க."

ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல். மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி ஏதும் கிடைக்கவில்லை. கட்டிலைத் தோளில் வைத்து ஓடினோம். வழியில் இன்னும் இரண்டு மரங்கள். மூன்றாவது மரத்தைத் தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த அவர் கை நழுவியது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் கோரிக்கை நியாயமானது, இன்றும் சொல்கிறேன். ஆனால் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு வழி இல்லாமல் செய்த என் கைகளை நான் எங்கே ஒளிப்பேன்? வீரமுத்து அவர்களே, இந்தச் சபையின் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் தரவில்லை என்றாலும் அது சரிதான். இனி எந்தப் போராட்டத்திலும் நோயாளிக்கு வழிவிட முதலில் நிற்பவன் நானாக இருப்பேன்.

எனக்கு நேராக ஒரு பூசணிக்காய்கூட வரையத் தெரியாது. அதனால் சின்னசேலத்து ஓவிய ஆசிரியர் மாயவனைக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டார். கடலூரில் பரீட்சை. அந்த ஒன்பது பேரும் எழுந்து நில்லுங்கள், ஊர் உங்களைப் பார்க்கட்டும். நவம்பர் ஏழாம் தேதி முதல் பஸ்ஸுக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் நான் வந்து நிற்பேன்.