உப்புப் பாக்காத கோழி

வேணாம் வேணாம், ரேடியேட்டர் மூடிய இப்பத் தொறக்காதீங்க தம்பி. உள்ள கொதிக்குது. மூஞ்சியில அடிச்சா தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். பானெட்ட மட்டும் தூக்கி வெச்சிட்டு இப்படி நெழல்ல வந்து உக்காருங்க. தண்ணி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம். காடி மொதல்ல ஆறட்டும்.

கோலாலம்பூரா? அதான பாத்தேன். மலைன்னா குளிரும்னு நெனச்சிக்கிட்டு ஒரே மூச்சா ஏத்திடறீங்க. இந்த மாசம் மழைய எங்க பாத்தோம்? தேயிலைக் கொழுந்தே சுருண்டு நிக்குது பாருங்க. இந்த வெயில்ல தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டினா தகரம் காஞ்சு தலை வெடிச்சிரும். அதான் கோழிய வெளியிலயே சுட்டுக்கிறது.

இதுவா? இந்த அடுப்பு பழைய எண்ணெத் தோங்கு, தகரப் பீப்பா. நீளவாக்குல அறுத்து, கால் வெச்சு, மேல கம்பி வலை போட்டது. கரி கெடையாது, தேயிலைக் கட்டை. வயசான செடிய வேரோட புடுங்கிப் போடறாங்க இல்ல, அதுல வெட்டுனது. லேசுல அணையாது. ஆனா எரியிற நெருப்புல கோழிய வெச்சா மேல கருகிரும், உள்ள ரத்தம் நிக்கும். தணலு சாம்பல் பூக்கணும், அப்பத்தான் வைக்கணும். நான் என்னத்தக் கண்டேன், எல்லாம் எங்க வீட்டுக்காரி சொன்னது. நீலாவதி. அவதான் சுடுவா. நான் பக்கத்துல உக்காந்து வாய் பேசுவேன்.

இன்னிக்கு நான் சுடறேன். அவளுக்காக.

மசாலா பெருசா ஒன்னும் இல்ல தம்பி. மஞ்சள், அரைச்ச மொளகா, இஞ்சி பூண்டு, கொஞ்சம் கிச்சாப், அதான் சோயா சாஸ், ஒரு எலுமிச்சம்பழம். காலையிலயே தடவி வெச்சாச்சு. எண்ணெ தடவறதுக்கு இந்தா, செராய்த் தண்டு, எலுமிச்சைப் புல்லு. நுனிய அம்மியில நசுக்கினா பிரஷ் மாதிரி ஆயிரும். தடவும்போதே வாசனை ஏறும்.

எல்லாம் சரி, உப்புதான் தெரியல.

சிரிக்காதீங்க. அவ ஒரு பிடி போடுவா. ஒரு கோழிக்கு ஒரு பிடி. அது அவ கைப்பிடி இல்லியா? என் கையப் பாருங்க, மம்பட்டி மாதிரி. அதான் ரெண்டு வெரல மடக்கிக்கிட்டு அள்ளிப் போட்டேன். சரியா இருக்கணும், வேற என்ன.

கோழிக்கு உப்பு போடறதுல என்னான்னு கேக்கறீங்க. சொல்றேன். அந்தக் கொரோனா வந்திச்சே, அதுல எங்க ரெண்டு பேரையும் படுக்கப் போட்டுச்சு. நான் எந்திரிச்சிட்டேன். அவளும் எந்திரிச்சா, ஆனா நாக்குல ருசி போயிருச்சு. வாசனை கொஞ்சம் திரும்பி வந்துச்சு. உப்பு, உறைப்பு, இனிப்பு ஒன்னும் வரல. டாக்டரு வந்துரும் வந்துரும்னாரு. கடைசி வரைக்கும் வரல. ஆனா சமைக்கிறத விட்டாளா? மாட்டா. நான் எங்க இருந்தாலும் கூப்பிடுவா. ஏங்க, கைய நீட்டுங்கம்பா. உள்ளங்கையில ஒரு சொட்டு கொழம்பு ஊத்துவா. நான் நக்கிட்டு உப்பு சரியான்னு சொல்லணும். பக்கத்து வீட்டு சின்னக்கருப்பன் கேலி பண்ணுவான், என்னா அண்ணே, கோயில்ல தீர்த்தம் வாங்குறீங்களான்னு.

அதுக்கு முந்தி அவ நாக்கு இருந்துச்சே, அது வேற கதை. என்னிக்காச்சும் நான் சமைச்சு வெச்சா, ஒரு வாய் வெச்சதும் கத்துவா. உப்பு என்னா, லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருச்சான்னு. மொத்த லயத்துக்கும் கேக்கும்.

ஐயோ, தொடாதீங்க தம்பி. கோவிச்சிக்காதீங்க, பசின்னு தெரியுது. நீங்க ருசி பாத்து சொல்றேங்கிறதும் நல்ல மனசுதான். ஆனா இதுல யாரும் வாய் வைக்கக் கூடாது. நானே வைக்கல. அவ சாப்பிட்டாத்தான் நமக்கு. இந்தாங்க, இந்த சோளத்தத் தின்னுங்க, இது தனியா சுட்டது. திரிங்காப்புத் தோட்டத்துல இருந்து காலையில வந்தது லா, பால் மாதிரி இருக்கும்.

இருங்க, ஃபோன் அடிக்குது. ம். ம். சரிம்மா. மெல்ல வா. நான் பாத்துக்கிறேன்.

எங்க மக பூவிழி. ஜொகூர்ல வேலை. கீழ ரிங்லெட் டவுன் கிட்ட ஜாம்ல மாட்டிக்கிச்சாம். நேரம் போவுது, நீங்களே படைச்சிருங்கப்பான்னு சொல்லுது. நேத்து என்னைத் திட்டுச்சு. மொத வருசப் படையலுக்கு எவனாச்சும் பார்பெக்யூ வைப்பானாப்பா, ஊரு சிரிக்காதான்னு. சிரிக்கட்டும். போன வருசம் இதே மாதிரி வெயில்ல, ஆஸ்பத்திரிக் கட்டில்ல நீலாவதி படுத்துக்கிட்டு, வீட்டுக்குப் போனதும் கோழி சுடணுங்கன்னா. சரிம்மான்னேன். வீட்டுக்கு வந்தா. சுட முடியாதபடி வந்தா.

வெந்திருச்சு. அந்தத் தட்டக் குடுங்க.

இல்ல இல்ல, நீங்க உள்ள வர வேணாம். இலை போட்டு, விளக்கேத்தி, எல்லாம் தயாரா இருக்கு. இத வெச்சிட்டு வந்துர்றேன்.

ம். கதவ சாத்திட்டேன். இப்பக் கொஞ்ச நேரம் நாம வெளியிலதான் நிக்கணும். ஆளு இருந்தா போய்ச் சேந்தவங்க வந்து சாப்பிட மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. நீங்களும் நில்லுங்களேன் தம்பி. காடி இன்னும் ஆறியிருக்காது.

அங்க போனா ஒடம்புல உள்ள நோவெல்லாம் போயிருமாம். அப்ப நாக்கும் சரியாயிருக்கும் இல்ல? நீங்க படிச்சவரு, உங்களுக்கு என்னா தோணுது?

ம். எனக்கும் அப்படித்தான் தோணுது.

செத்த பேசாம இருப்போம்.

உள்ள ஏதாச்சும் சத்தம் கேக்குதா தம்பி?

எனக்கும் கேக்கல.

அப்ப உப்பு சரியாத்தான் இருக்கு போல.