உள்பாக்கெட்டில் கிளிப்பச்சை

இல்லக்கா, நான் கேக்குறேன், ஒரு கைப்பையத் தச்சா தச்சதோட விட்டுற வேண்டியதுதானே. யாரு தச்சா, சாயம் எதுல காச்சினதுன்னு துணித் துண்டுல எழுதித் தொங்கவிடணுமா? பைக்கு எதுக்குக்கா ஜாதகம்? அந்தத் தையக்கடைப் புள்ளையோட இந்தப் புத்தியாலதான் நான் காலையிலேயே பசியாறாம ஃபெரி ஏறி வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

கொஞ்சம் தள்ளிக்குங்க... ஆ, போதும். இந்த ஃபெரி ஏன் இப்படி ஊருதோ. சம்பந்தியம்மா கோயிலுக்குக் கெளம்புறதுக்குள்ள நான் போயி அந்தப் பையத் திருப்பி வாங்கியாகணும். அவங்க அதத் திறந்து உள்ள பாத்துட்டா, என் மானம் போச்சு. சம்பந்தின்னா என் மருமகளோட அம்மா.

எந்தப் பைன்னு கேக்குறீங்க. சொல்றேன், சொல்றேன்.

குயீன் ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்கு மேல, மாடியில, வள்ளிநாயகின்னு ஒரு புள்ள. சிலோன்காரப் புள்ள. அப்பா ரயில்வேல கிராணியா, கணக்கு எழுதுற உத்தியோகத்துல இருந்தவரு. பாயான் பாரு ஃபேக்டரில நல்ல ஆபீஸ் வேல, ஏர்கான்ல உக்காந்து சம்பளம் வாங்குன புள்ள, அத விட்டுட்டு பழைய சேலைய வெட்டித் தச்சுக்கிட்டு இருக்கா. கேட்டா, சீப்பா விக்கிற துணிக்குப் பின்னால யாரோ ஒருத்தி கண்ணு போக உக்காந்து தச்சிருக்கா அக்காங்குறா. நான் அந்தப் படி ஏறுனதே மழைக்கு ஒதுங்கத்தான். ஏறுனவ சும்மா எறங்கி வந்திருக்கலாம்...

ஆனா சாமான் அழகுக்கா. பொய் சொல்லக் கூடாது. பாவாடை, ப்ளவுஸ், தோள்பை, சேலைக் கரைய மடிச்சு மடிச்சு பெல்ட்டு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. சாயத்துக்கு மங்குஸ்தீன் பழத்தோல அண்டாவுல போட்டுக் காச்சுறா. சந்தையில தின்னுட்டுப் போடுற தோலெல்லாம் அவதான் பொறுக்கிட்டு வருவா போல. மிச்சத் துண்ட வீசுறதும் இல்ல, பொத்தான் ஆக்கிடுவா. என் கையில இருந்த ப்ளாஸ்டிக் பைய ஒரு பார்வ பாத்தா பாருங்க, செத்த எலியத் தூக்கிட்டு வந்த மாதிரி.

அங்க தைக்கிறது மீனாட்சி. முன்ன என் தெருவுல வீட்டுல வச்சுத் தச்சவதான். உருப்படிக்கு இவ்ளோன்னு கூலி, வாரம் பூரா குனிஞ்ச தல நிமிரமாட்டா. இப்ப மாசச் சம்பளமாம், ஃபேனுக்குக் கீழ வேலையாம், ஞாயித்துக்கிழமை லீவாம். தையக்காரிக்கு எந்த ஊருலக்கா ஞாயித்துக்கிழமை லீவு? என் ப்ளவுஸு ரெண்டு வாரமா அங்கயே கெடக்கு. அவசரம்னு சொன்னா, ராத்திரியில தைக்கச் சொல்ல மாட்டேன் அக்கான்னு அந்தப் புள்ள சிரிக்கிறா. மீனாட்சியும் சேந்து சிரிக்கிறா, அதத்தான் என்னால தாங்க முடியல.

சரி, சேலைக்கு வரேன். அலமாரியில உடுத்தாத பட்டு இருந்தா குடுங்க அக்கான்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. எனக்கு உடனே ஒரு சேல ஞாபகம் வந்துச்சு. மகன் கல்யாணத்துல சம்பந்தியம்மா எனக்கு வச்சுக் குடுத்தது. கிளிப்பச்சக்கா. என் நெறத்துக்குக் கிளிப்பச்ச! கட்டிக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னேன், எங்க வீட்டுக்காரரு வெத்தில கேட்டாரு. அன்னிக்கு மடிச்சு வச்சதுதான். தூக்கிக் குடுத்துட்டேன். அலமாரியும் காலி, புண்ணியமும் ஆச்சு.

அப்புறம் போன மாசம் சம்பந்தி புது வீடு குடிபோறாங்க. என்ன வாங்கிட்டுப் போறதுன்னு திரும்பவும் அந்த மாடிப்படிதான். அங்க ஒரு பை தொங்குச்சு. நல்ல கரும்பழுப்பு, பழைய தேக்கு மாதிரி மினுமினுன்னு. தச்சது மீனாட்சி, சாயம் மங்குஸ்தீன்னு எழுதியிருந்துச்சு. எந்தச் சேலைன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. வாங்கிக் குடுத்தேன். சம்பந்தியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுறாங்க. கோயில் திருவிழா அன்னிக்குத்தான் மொத மொத எடுப்பேன்னு பீரோவுல வச்சுப் பூட்டுனாங்க. திருவிழா இன்னிக்கு.

நேத்து ப்ளவுஸு கேக்கப் போனேன். வள்ளிநாயகி காப்பியக் கையில குடுத்துட்டு ஆசையாச் சொல்றா: "அக்கா, உங்க பச்சச் சேலதான் அந்தப் பை. வெளியதான் சாயம். உள்பாக்கெட்டு பழைய சேலையேதான், முனையில மஞ்சள்கூட அப்படியே இருக்கு."

காப்பிய அப்படியே கீழ வச்சுட்டேன்க்கா.

அவங்க வச்ச சேல, அவங்க தடவுன மஞ்ச, அதையே வெட்டித் தச்சு அவங்களுக்கே அன்பளிப்பாக் குடுத்திருக்கேன். அந்தப் பாக்கெட்டப் பிரிச்சுட்டு வேற வச்சுத் தாடின்னு கெஞ்சுனேன். தரேன் அக்கா, ஆனா அவங்க வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்னுட்டா. நல்லவங்களோட சகவாசமே கஷ்டம்.

அதான், கொக்கி சரியில்ல, கடையில மாத்திக் குடுக்கிறாங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்துறலாம்னு போறேன். நம்புவாங்களா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?

என்னதுக்கா? சேலக் கரையா? ஆரஞ்சுக் கரை. அன்னம் போட்டிருக்கும். ஏன் கேக்குறீங்க?

ஜெட்டி வந்துருச்சு, ஃபெரி நிக்கப் போகுது. எந்திரிங்க, கூட்டம் தள்ளும். நீங்க எந்தப் பக்கம் போறீங்க? மாக் மண்டினா? அட, நானும் அங்கதான். யாரு வீட்டுக்கு?

எங்க சம்பந்தியம்மா வீட்டுக்கா?

வடிவம்மாள் தங்கச்சியா நீங்க. கல்யாணத்துல பாக்கலயே... ஓ, மக பிரசவத்துக்கு சிங்கப்பூர்ல இருந்தீங்களா.

நல்லவங்க உங்க அக்கா. நான் சும்மா வாய் ஓயாமப் பேசுவேன், நீங்க மனசுல வச்சுக்காதீங்க. பச்சையும் நல்ல பச்சதான். அந்த மாதிரிப் பச்ச இப்பல்லாம் வர்றதே இல்ல...

என்ன சொன்னீங்க?

அந்தச் சேல நீங்க மெட்ராஸ் போனப்ப எடுத்துட்டு வந்ததா? அக்காவுக்குன்னு? பத்திரமா வச்சிருக்கேன்னு உங்ககிட்ட சொன்னாங்களா... இன்னி வரைக்கும்?

அப்ப அவங்களுக்கும் அந்தப் பச்ச புடிக்கல.

மொகமே மாறிப்போச்சே உங்களுக்கு. இந்தாங்க, தண்ணி குடிங்க. இல்ல இல்ல, நான் எதுவும் சொல்ல மாட்டேன், கூடப்பொறந்தவங்களுக்குள்ள நான் எதுக்கு? பையவும் திருப்பிக் கேக்க மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான். அதோ பஸ்ஸு நிக்கிது, ஏறிக்குங்க. நான் இங்க ஒரு தே தாரிக் டீ குடிச்சு, ரொட்டி ஒண்ணு தின்னுட்டு அடுத்த பஸ்ஸுல வரேன். நீங்க போங்கக்கா. உங்களுக்கு முன்னால நான் போய்ச் சேந்துறக் கூடாது.