நகத்தூள்

வலது பெருவிரல் நகத்தை நான் ஒட்ட வெட்டுவதில்லை, சுவாமி. அதற்கு ஒரு வேலை இருந்தது.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா அம்மா வீட்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அவருடைய ஒரே மகன் தாவீதே, மலைக்குப் போய்ப் பனியில் பலகை ஓட்டுகிறவன். பலகையின் இரு ஓரமும் உருக்குப் பட்டி. அது கூராக இருந்தால்தான் இறுகிய பனியில் பிடிக்கும். நகத்தை அதன் குறுக்கே இழுத்தால் வெள்ளைத் தூள் வர வேண்டும். வழுக்கினால் கடையில் தீட்டக் கொடுக்க வேண்டும். இதை எனக்குக் காட்டித் தந்ததே தாவீதேதான். பிறகு எப்போதும் நான்தான் பார்ப்பேன்.

தை மாதம் அவனுக்கு வடக்கே தூரத்துத் தொரினோவில் வேலை கிடைத்தது. தாயும் கூடப் போவதாக முடிவு. வீட்டைப் பூட்டினால் என் வேலை ஒப்பந்தம் போய்விடும். அது இல்லாமல் பங்குனியில் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருக்கிற அனுமதியை, புதுப்பிக்க முடியாது. மகள் கேசிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அது கடைசி வருடம்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினேன். ஒரேத்தோ தெருவில் எங்கள் வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்தேன்.

"என்னப்பா இப்பிடி உலாத்திறியள்? ஒரு இடத்தில இருங்கோவன்," என்றாள் மனைவி அனிற்றா.

சனிக்கிழமை காலை பலகைப் பட்டியில் நகத்தை இழுத்துப் பார்த்தேன். நாலு இடத்திலும் வழுக்கியது.

"பெனடிக்ற், தீட்டக் கொடுக்க வேணுமா?" என்று தாவீதே கேட்டான்.

"தேவையில்லை. நல்ல கூர்," என்றேன்.

ஒரு கால் முறியட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. முறிந்தது இடுப்பும் முதுகும்.

செய்தி வந்தபோது சிஞ்ஞோராவைத் தாங்கிப் பிடித்தது நான். அவனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான். பெர்மெஸ்ஸோவும் கிடைத்துவிட்டது. அவன் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று நீங்கள் வந்து பார்க்கலாம்.

நான் சொன்னது ஒரு பொய். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தது அதற்காகத்தான். ஆனாலும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஐப்பசிக்குள் தானாக நடப்பான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தொரினோ வேலையை அவனுக்கென்று இன்னும் வைத்திருக்கிறார்களாம்.

இன்று காலை, அவனுடைய செத்துப்போன தகப்பனின் ஊன்றுகோலைச் சிஞ்ஞோரா அவனுக்கு எடுத்துக் கொடுத்தார். அடி ரப்பர் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. வீடு முழுக்கச் சலவைக்கல் தரை.

"இது சரியா, பெனடிக்ற்?" என்று தாவீதே கேட்டான்.

சரி என்றேன். நகம் வைத்துப் பார்க்காமல் சொன்னது, சுவாமி. ஆகையால் இது பொய்யில் சேராது.