பாலத்தில் நான் எண்ணியது

பாலத்தின் மேல் ஓடுகிறோம். 1942. மாலை நாலரை மணி. பின்னால் பீரங்கி. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு ‘டொம்’. பர்மாவிலிருந்து பின்வாங்கும் மதராஸ் பட்டாளம் எங்களுடையது. பன்னிரண்டு கோவேறு கழுதைகள். கழுதைக்கு ஓர் ஆள். எல்லாரும் தாண்டியதும் பாலத்தைத் தகர்க்க வேண்டும். எண்ணிச் சொல்வது என் வேலை.

கேப்டன் துரை வெடித்திரி அருகே நிற்கிறார். வெள்ளைக்காரர். எங்களுக்காகத் தமிழ் படித்தவர்.

“எல்லாரும் வந்துட்டாங்களா?”

“வந்தாச்சுங்க துரை!”

நான் எண்ணியது கழுதைகளை. எங்கள் கொல்லிமலையில் பொதிமாடு இறங்கும்போது மாட்டைத்தான் எண்ணுவோம். மாட்டை விட்டு ஆள் பிரியமாட்டான். பன்னிரண்டு மாடு என்றால் பன்னிரண்டு ஆள். பட்டாளத்துக்குப் போயும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

பாலம் போனது. புகை விலகியபோது எதிர்க்கரையில் மூன்று பேர். காலில் அடிபட்ட யோவானை மாரியும் இப்ராகிமும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தங்கள் கழுதைகளை முன்னால் போனவர்களிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மாரியும் கொல்லிமலைதான், வாழவந்தி நாட்டுக்காரன்; எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன்.

“படுங்கடா! படு!” என்று கத்தினேன்.

மாரி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். அடுத்த குண்டு அங்கே விழுந்தது.

விசாரணை நடந்தது. “உத்தரவு என்னுடையது, நான் சரிபார்க்கவில்லை” என்றார் துரை. என் பெயரைச் சொல்லவில்லை. நான் வாசலில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்தவர், “போப்பா, போய்ச் சாப்பிடு” என்றார். போய்ச் சாப்பிட்டேன்.

1998. கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் என் வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து கடிதம். துரையின் மகள். அப்பாவின் டைரியில் என் பெயரும் ஊரும் இருந்ததாம். என்னிடம் மிளகு வாங்கும் காதர் பாய் படித்துச் சொன்னார். துரை பிரிகேடியர் வரை உயர்ந்தாராம். ஜெனரல் பதவிக்குப் பெயர் போனபோதெல்லாம் அந்தப் பாலம் குறுக்கே வந்ததாம். போன வருடம் இறந்துவிட்டார். அப்பா ஏன் அவசரப்பட்டார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

“என்னன்னுங்க எழுதறது?” என்றார் பாய்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. துரை தங்கமான மனுசன்னு எழுதுங்க.”

அவள் நன்றி சொல்லிப் பதில் போட்டாள். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாயை மறுபடி வரச்சொன்னேன். நான் சொல்லச் சொல்ல இதை அவர்தான் எழுதுகிறார்.

“ஏனுங்க, இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்க?”

“எழுதுங்க பாய். அந்த அம்மணிக்குத் தெரியோணும்.”

போனவர்கள் மூவர். மாரி. யோவான். இப்ராகிம். உடல்கள் கிடைக்கவில்லை. துரைக்கு வரவேண்டிய பதவி போனது. அவர் நல்ல பெயர் வாழவந்தி நாட்டிலும் போனது. துரை அவசரப்பட்டுவிட்டார் என்று மாரியின் அம்மாவிடம் சொன்னவன் நான். சாகும்வரை அவள் அவரைச் சபித்தாள்.

நான் இழந்தது ஒன்றுமில்லை.