வளைவு வீட்டு வெள்ளைச் செவுரு

— அந்த பிரஷ்ஷ மொத டப்பாவுக்குள்ள போடு, வேலப்பா. எஞ்செவுத்துல ஒரு சொட்டு பட்டுச்சு, சித்தப்பா மகன்னு பாக்க மாட்டேன்.

— கந்தவேல் அண்ணே, கோவப்படாம கேளுங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா...

— நீ ஒண்ணும் சொல்ல வர வேண்டாம். ஜீப்பு ஓட்டுற சோலியப் போயிப் பாரு. கோடைக்கானல்ல சீசன் ஆரம்பிச்சிருச்சுல்ல? டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டு ஏரியச் சுத்து. எஞ்செவுத்தச் சுத்தாத.

— லொக்கேஷன் அப்படிண்ணே. மன்னவனூர் பஸ்ஸு இந்த வளைவுலதான் ஸ்லோ பண்ணித் திரும்புது. உள்ள ஒக்காந்திருக்க பூராப் பேரும் இந்தச் செவுத்தத்தான் பாப்பாங்க. எலெக்சனுக்கு எலெக்சன் எல்லாக் கட்சிக்காரனும் வந்து கேட்டான், நீங்க குடுக்கல. ஓகே. ஆனா இது நம்ம கட்சிண்ணே. மலைத்தோட்டக்காரர் கட்சி. பக்கா லோக்கல். நம்ம பயலுக ஆரம்பிச்சது.

— எவன் ஆரம்பிச்சா எனக்கென்ன? ஊர்ல இருக்க செவுரு பூராம் ஏதோ ஒரு கட்சிக்கு முன்பதிவு. வெள்ளையா நிக்கிறது இது ஒண்ணுதான். வருசா வருசம் என் கையால சுண்ணாம்பு அடிக்கிறேன். எதுக்கு? எவன் சொல்லையும் கேக்காத ஒருத்தன் இங்க இருக்கான்னு பஸ்ஸுல போறவனுக்குத் தெரியட்டும்.

— எங்க கொள்கையும் அதாண்ணே. சொந்தத் தோட்டத்துல நாம வச்ச மரத்த நாம வெட்ட எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும்? நம்ம பூண்ட நாம நெனச்ச சந்தையில விக்க எவன்ட்ட கேக்கணும்? பூரா உங்க டயலாக்கு. மீட்டிங்ல மைக்கப் பிடிச்சா நான் பேசுறதே உங்க பேச்சத்தான்.

— அப்ப எதுக்குக் கட்சி? நாலு பேரு கூடுனா தலைவன் வருவான். தலைவன் வந்தா கொடி வரும். கொடி வந்தா, எந்திரிச்சு நில்லும்பான். நான் எதுக்குலே எந்திரிக்கணும்? சர்க்காரு சும்மா குடுத்த மிக்ஸியவே வேண்டாம்னவன் நான். அம்பது வயசு தாண்டியாச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்ட்டயும் போயி 'செய்யட்டுமா'ன்னு கேட்டதில்ல.

— மிக்ஸி வேண்டாம்னது நீங்க. அம்மியில அரைச்சது நான்.

— இந்தா வந்துட்டா. அழகு, நீ பூண்டுதானே பிரிச்சுக்கிட்டு இருந்த?

— கையிலதான் பூண்டு. காது சும்மாதான இருக்கு? வேலப்பா, உக்காரு. இந்தப் பூண்டுத் தாள முறுக்கிக் கட்டாக் கட்டு. வெதைக்கு வச்சிருக்க பூண்டு, வெரசா அடுப்புக்கு மேல தொங்க விட்டுப் புகை போடணும்.

— மதினி, நான் பெயிண்டோட வந்திருக்கேன்.

— இருக்கட்டும். டப்பாவ மூடி வச்சாக் காயாது.

— அத விடு. ஏலே, யாரு உங்க வேட்பாளரு? எந்தப் பய பேர எஞ்செவுத்துல எழுத வந்த?

— ஒன்றியக் கவுன்சிலர் சீட்டுண்ணே. இந்தத் தடவை லேடீஸுக்கு ஒதுக்கிட்டாங்க.

— சரி, எவன் பொண்டாட்டிய நிப்பாட்டுறீங்க? அவள முன்னால நிப்பாட்டிட்டு, பின்னால இருந்து அவன் நாட்டாமை பண்ணுவான். பாத்து அலுத்துப் போச்சு.

— அண்ணே... அத மதினியே சொல்லட்டும்.

— அவ என்னத்தச் சொல்ல?

— நான்தாங்க.

— என்ன நான்தான்?

— நிக்கிறது நான்தான். கட்சியில சேந்தாச்சு.

— எப்ப?

— நீங்க பூண்டு ஏத்திக்கிட்டு கீழச் சந்தைக்கு எறங்குனீங்கல்ல, அன்னைக்கு வெள்ளனே போயிச் சேந்துட்டு வந்தேன்.

— என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?

— தோணுச்சு. ஒருத்தர் காரியத்துக்கு இன்னொருத்தர்ட்ட எதுக்கு அனுமதின்னு கலியாணமான நாள்ல இருந்து சொல்ற மனுசன். அவர்ட்டயே போயி அனுமதி கேட்டா கோவிச்சுக்குவாரேன்னு விட்டுட்டேன்.

— சிரிக்காதலே வேலப்பா.

— சிரிக்கலண்ணே. இருமல்.

— அழகு, இது வெளையாட்டு இல்ல. கட்சின்னு போயிட்டா தலைவன் சொன்ன எடத்துல நிக்கணும், சொன்ன நேரம் கையத் தூக்கணும். நீ யாருக்கும் தலையாட்டுறவ இல்லயே, அதுக்குத்தான் சொல்றேன்.

— பிடிக்கலேன்னா வெளிய வந்துட்டுப் போறேன். என்னைய யாரும் கட்டிப் போடல, நானா விரும்பித்தான் சேந்தேன். வாய்க்கா வெட்டுற அன்னைக்கு வருசா வருசம் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மொத ஆளாப் போறீங்களே, எந்த ஆபீசர் சொல்லிப் போறீங்க?

— அது ஊர்த் தண்ணி. நாமளாக் கூடிச் செய்யுறது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல.

— இதுவும் அப்படித்தான். மம்பட்டிக்குப் பதிலா மைக்கு.

— சூப்பர் மதினி! இத அப்படியே ஞாயித்துக்கெழமை மீட்டிங்ல விடுங்க.

— நீ கட்டு. தாளு அவுருது பாரு.

— எனக்கு ஒத்தையா நின்னுதான் பழக்கம், அழகு. கூட்டம் எனக்கு ஆகாது.

— தெரியும். வீட்டோரம் நிக்கிற மரத்த வெட்ட மனுக் குடுங்கன்னேன். நான் வச்ச மரத்துக்கு எவன்ட்ட மனுன்னீங்க. மனுவும் குடுக்கல, மரத்தயும் வெட்டல. போன மழையில கொப்பு ஒடிஞ்சு விழுந்து ஓடு பூராம் நொறுங்கிப் போச்சு. மழையில நனைஞ்சுக்கிட்டே சட்டிய எடுத்து வச்சது யாரு?

— அது காத்து பண்ணுனது.

— இருக்கட்டும். அந்த ஷர்மிளாப் புள்ள தனக்குப் பிடிச்ச பையனக் கட்டிக்கிட்டப்போ, அவள ஊர விட்டு வெரட்டணும்னு ஊரே கூடுச்சு. 'அவ வாழ்க்கை, அவ இஷ்டம், கேக்க நீங்க யாரு'ன்னு நடுத் தெருவுல ஒத்தையா நின்னது நீங்கதான். எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா? அன்னைக்குப் பூராம், இந்த மனுசனையா நாம கட்டியிருக்கோம்னு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

— இத நீ இதுவரைக்கும் சொன்னதே இல்லையே.

— இப்பச் சொல்றேன். ஆனா அந்தப் புள்ளையால ஊர்ல இருக்க முடிஞ்சுச்சா? பெரும்பாறைப் பக்கம் எவனோ எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டு இருக்கா. உங்க கூடப் பத்துப் பேரு நின்னிருந்தா, அவ அய்யா காட்டுலயே பூண்டு நட்டுக்கிட்டு இருப்பா. அந்தப் பத்துப் பேரச் சேக்கத்தான் நான் போறேன்.

— கேட்டீங்களாண்ணே மதினி சொல்றத?

— சரி. சேந்துட்டா. அவ இஷ்டம். நிக்கட்டும், ஜெயிக்கட்டும். ஆனா செவுரு கெடையாது. மத்தவனுக்கெல்லாம் இல்லன்னுட்டு, பொண்டாட்டிக்கு மட்டும் குடுத்தா அது என்ன கொள்கை?

— வேலப்பா, நான் ஒன்னைய ஒண்ணு கேக்குறேன். செவுத்துல எழுதிக்கன்னு நேத்தே நான் சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க மதினி.

— அப்புறம் எதுக்கு இவர்ட்ட வந்து நின்ன?

— இல்ல மதினி... வீட்டு ஆம்பளைட்ட ஒரு வார்த்தை... ஃபார்மாலிட்டிக்கு...

— இந்த வீட்ட யாரு கட்டுனது?

— உங்க அய்யா.

— யாருக்குக் குடுத்தாரு?

— உங்களுக்கு.

— உங்க அண்ணன் இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்தாரு?

— அது வந்து... வீட்டோட மாப்பிள்ளையா வந்தாரு மதினி.

— எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் இவர்ட்டத்தான் கேப்பான். இவரும் 'எஞ்செவுரு, எஞ்செவுரு'ன்னு மல்லுக்கு நிப்பாரு. இத்தன வருசமா ஒருத்தனும் என் பக்கம் திரும்பிக் கேட்டதில்ல. இவரு பேசுறதக் கேக்க எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அதான் விட்டுட்டேன். ஏங்க, அவங்கவங்க பொருளு அவங்கவங்க இஷ்டம். இது யாரு பேச்சு?

— என் பேச்சுதான்.

— அப்ப?

— அப்ப என்ன? உன் செவுரு, உன் இஷ்டம். கந்தவேலு பேச்சு மாற மாட்டான். எழுதுலே.

— தேங்க்ஸ்ணே!

— எனக்கு எதுக்குத் தேங்க்ஸு? செவுத்துக்காரிக்குச் சொல்லு. ஏலே, இரு. என்ன எழுதப் போற?

— 'அழகம்மாள், கணவர் பெயர் கந்தவேல்'. ரெண்டு வரியாப் போட்டா லுக்கா இருக்கும்.

— கணவர் பேரு எதுக்கு?

— உங்க பேரு இருந்தாத்தாண்ணே ஓட்டு விழும். மேல்மலை பூராம் உங்களுக்குல்ல மருவாதி.

— நான் நின்னா பொண்டாட்டி பேரப் போடுவியா? செவுரு என்னுது இல்ல, சரி. என் பேரு என்னுதுதானே? அதத் தர மாட்டேன். அவ எனக்கு அடங்கி வந்த பொருளு இல்ல. எங்கூட முப்பது வருசம் குடித்தனம் பண்ணி, எம்பேச்ச வச்சே இன்னைக்கு என்னைய மடக்குனவ. அவ பேரு போதும். அழகம்மாள். வளைவுக்கு அங்கிட்டு இருந்தே கண்ணுல அடிக்கணும், அம்புட்டுப் பெருசு.

— அம்புட்டுப் பெரிய எழுத்து எனக்கு வராதுண்ணே. கோணிக்கும்.

— எனக்கு வரும். இந்தச் செவுத்துல எங்க மேடு, எங்க பள்ளம்னு என் கைக்குத் தெரியும். பிரஷ்ஷக் குடு.

— அண்ணே! அப்ப நீங்களும் கட்சியில சேந்தாச்சா?

— சேரல. சாகுற வரைக்கும் சேர மாட்டேன். ஒரு பேரு எழுதுறேன், அம்புட்டுத்தான். அதுக்கு எவன்ட்டயும் கேக்கணும்னு எனக்கு இல்ல.

— ஏங்க, செவுத்துக்காரி இங்கதான் உக்காந்திருக்கேன்.

— ...எழுதட்டுமா, அழகு?